வெள்ளைப் பூ வந்தது

வெள்ளை.

பிரித்த பொட்டலத்தில் இருந்தது நந்தியாவட்டை.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வெள்ளை வர வழியே இல்லை. இரண்டு பொட்டலத்திலும் அவள் வைத்துக் கட்டியது செவ்வரளி.

"சாமி சொல்லீருச்சு அம்மிணி. மண்டையத் தொறந்தே பண்ணிப்போடலாம்."

கணவனின் அண்ணன் நாச்சிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாரத்தை வேறொருவர் தலையில் இறக்கிவைத்தவரின் நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. ஊருக்குச் செய்தி சொல்லக் கைபேசியோடு வேப்பமரத்தடிக்குப் போனார்.

அவள் ஆஸ்பத்திரிப் பிள்ளையார் முன் நின்றபடியே நின்றாள்.

காலையில் டாக்டரம்மா அவர்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுப் படம் போட்டே காட்டியிருந்தார். அவள் கணவன் சென்னியப்பனின் மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஓரிடம் மொச்சைக்கொட்டை அளவுக்குப் புடைத்திருக்கிறது. வெடித்துவிட்டால் பிழைப்பது கடினம். அதற்குமுன் அடைத்துவிட வேண்டும்.

மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் கிளிப் போடலாம். பெரிய ஆபரேஷன். ஆனால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயை விட்டு, புடைப்புக்குள் கம்பிச்சுருளை நிரப்பலாம். ஆள் சீக்கிரம் எழுந்துவிடுவார். ஆனால் திரும்பத் திரும்ப வந்து பார்க்க வேண்டும். சிலருக்கு மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

இவருக்கு இரண்டுமே செய்யலாம். இரண்டிலும் ஆபத்து உண்டு. கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்றார்.

கலந்து பேசுவதாவது! சம்பந்தம் பேசவும் கிணறு வெட்டவும் சாமி முன் இரண்டு பொட்டலம் போட்டுப் பூக் கேட்கிற குடும்பம், உயிர் விஷயத்தில் மட்டும் தானாக முடிவெடுத்துவிடுமா? வெள்ளை வந்தால் மண்டை. சிவப்பு வந்தால் தொடை. கதவைத் தாண்டுவதற்குள் நாச்சிமுத்து சொல்லிவிட்டார்.

சென்னியப்பனிடம் மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. படுத்திருக்கிறவனுக்குத் தெரியக்கூடாது. அவர்கள் வீட்டில் எந்த நோய்க்கும் அதுதான் முதல் மருந்து. தலைவலிக்குப் புது மாத்திரை தரப்போகிறார்கள் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவனும் சரி என்று தலையாட்டியிருந்தான்.

அவன் தூங்கும்போது கட்டிலோரமாக உட்கார்ந்து அவள்தான் பொட்டலம் கட்டினாள்.

சனிக்கிழமை தவறாமல் அவள் எண்ணெய் தேய்த்துவிட்ட தலை அது. அதை ஒருவர் அறுத்துத் திறப்பதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. வெள்ளைப் பூக்களைக் கட்டிலடிப் பைக்குள் ஒதுக்கிவிட்டு, இரண்டிலும் சிவப்பையே வைத்தாள். சாமியை ஏய்க்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தாள். அந்தப் பாவம் தன்னோடு போகட்டும், ஆள் முழுசாகத் திரும்பினால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

பிறகு பொட்டலங்களைத் தலையணையருகே வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

அவள் திரும்பி வந்து எடுத்துக்கொண்டதும் இருவரும் நேராகப் பிள்ளையாரிடம் வந்தார்கள். விவரம் அறியாதவர் எடுக்க வேண்டும் என்று, மருந்துக்கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணை நாச்சிமுத்து நிறுத்தினார். அந்தப் பெண் கண்ணை மூடி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இன்னொன்று பிள்ளையாரின் காலடியிலேயே கிடந்தது.

அதைப் பிரிக்கக்கூடாது. யாரும் பிரித்ததில்லை.

அவள் பிரித்தாள்.

அதிலும் நந்தியாவட்டை.

படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றில் வெள்ளை என்றால் சாமி. இரண்டிலும் வெள்ளை என்றால் மனிதன்.

நூலைப் பார்த்தாள். அவள் போட்டது சுருக்கு முடிச்சு. இது இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் நுழைத்து இழுத்த முடிச்சு. மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் கட்டுகிறவன் போடுவது. கல்யாணமான நாளிலிருந்து பட்டறையில் அவன் கையில் அவள் பார்த்துவருகிற முடிச்சு.

அப்படியானால் அவனுக்குத் தெரியும். எல்லாமே தெரியும். வார்டுக்கு வந்தும் நாச்சிமுத்து அதையேதான் பேசினார்; அவர் ரகசியம் பேசினால் அடுத்த வார்டுக்கே கேட்கும். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவனுக்குக் கேட்காதா? மண்டை எது, தொடை எது, எந்தப் பூவுக்கு எது என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தூங்குகிறவன்போல் கிடந்திருக்கிறான். அவள் முகம் கழுவப் போனதும், ஒரேயடியாக முடிகிற மண்டையைத் தேர்ந்து இரண்டிலும் வெள்ளையை மாற்றியிருக்கிறான்.

அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

வார்டில் டாக்டரம்மா வந்து நின்றிருந்தார். நாச்சிமுத்து அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். சென்னியப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"மாத்தரை வந்துருச்சா புள்ள?"

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

"எங்களக் கேக்காதீங்க டாக்டர்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "அவரையவே கேளுங்க."

நாச்சிமுத்து வேண்டாம் என்று அவளைப் பார்த்துக் கையசைத்தார்.

சென்னியப்பனின் சிரிப்பு மெல்லக் கழன்றது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த பயம் அப்போதுதான் அவன் முகத்துக்கு வந்தது. அவளையே பார்த்தான்.

"ரெண்டையும் பிரிச்சுப் பாத்தயா?"

"நீங்க பாக்கலீங்களா?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்து, அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.