பதினாலு செகண்ட்

"அப்பா டைம் எடுத்தா நூறு மீட்டர் பதினாலு செகண்ட். நீங்க எடுத்தா பதினாறு. இனிமே எதுக்கு சார் ஓடணும்?" என்று ஷூ லேஸை அவிழ்த்தாள் அந்தப் பெண்.

அப்பா போய் இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கோச்சுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அவள் அம்மாவிடம் சொல்லி, அப்பாவின் பழைய ஸ்டாப் வாட்சை வாங்கி வந்தார்.

"உங்கப்பா வாட்ச்தாம்மா. ஒரே ஒரு தடவை ஓடு."

ஓடினாள். கோட்டைத் தாண்டியதும் கோச் கத்தினார்: "பதினாலு!"

சிரித்துக்கொண்டே கை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. கோச் வாட்சைச் சட்டென்று பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"மறைக்காதீங்க சார். அதுல பேட்டரி கிடையாது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அப்பா கையில இருந்தப்பவே கிடையாது. அவர் வாயால அந்தப் பொய்யைக் கேக்கத்தான் சார் அப்படி ஓடி வருவேன்."