கோட்டும் சூரைமீனும்

படகின் தளத்தில், ஈரத் தொட்டிலில், சூரைமீன் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. ஆராய்ச்சி உதவியாளர் அதன் கண்ணை ஈரத்துணியால் மூடி, வாயில் கடல்நீர்க் குழாயைப் பிடித்திருக்கிறாள். சீக்கிரம் விடாவிட்டால் செத்துவிடும். மீன் போகுமிடத்தை அறிய முதுகில் குத்தும் அடையாளக் குறியை என் கையாலேயே குத்துவேன் என்று வந்திருக்கும் ஆராய்ச்சி நிலைய இயக்குநர், போட்டோவுக்கென்றே போட்ட கோட்டோடு குனிந்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊசியை இறக்குகிறார். ஊசி வெளியே வருகிறது, கை வரவில்லை. குறியின் முள் கோட்டுக் கையையும் சேர்த்து மீன் முதுகில் தைத்துவிட்டது. “பிடுங்கும்மா!” “வராது சார். ஆயுசுக்கும் கழலாதுன்னு காலைல மைக்ல நீங்கதானே சொன்னீங்க?” கோட்டைக் கழற்றலாமென்றால், மேலே மிதவைச் சட்டையின் வார் இறுகிக் கிடக்கிறது. வால் தொட்டிலை அறைகிறது, வரவர மெதுவாக. “அப்ப வெட்டு. ஐயோ, கோட்டை இல்லம்மா!” “பின்ன மீனையா சார்?” போட்டோக்காரர், “அப்படியே இருங்க சார், அருமையா இருக்கு” என்கிறார். அவள் பதிலுக்குக் காத்திராமல் கத்தரிக்கோலை எடுத்து, கோட்டுக் கையை முள்ளை ஒட்டி நறுக்குகிறாள். மீன் நழுவி நீலத்துக்குள் இறங்குகிறது, முதுகில் கோட்டுத் துணியும் அதில் பளபளக்கும் பொத்தானுமாக. இயக்குநர் குனிந்தது குனிந்தபடியே நிற்கிறார், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு.