எந்தக் கை குத்தும்?

பீடோங் ஊர்க் கோயில் மண்டபத்தில், தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களுக்கெல்லாம் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள் நர்ஸ் ரூபினி. காளிதாசன் மட்டும் சட்டைக் கையை மடிக்கவே மறுத்துவிட்டான்.

"வருசா வருசம் கன்னத்துல ஆறடி வேல் குத்திக்கிறவன் நான். இந்த ஊசியெல்லாம் எனக்கு எதுக்கு லா?"

"அதுக்குத்தாண்ணே போடுறோம். கடைசியா எப்பப் போட்டீங்க?"

"ஸ்கூல்ல. அதுக்கப்புறம் முருகன் பார்த்துக்கிட்டான். என்னை எந்தக் கை குத்தணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்!"

வரிசையில் நின்ற நாலு பேரும் அவன் பின்னாலேயே வெளியேறினார்கள். காளிதாசனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

தைப்பூசத்தன்று காலை ஆற்றங்கரையில் உறுமி முழங்கியது. நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த காளிதாசன், மஞ்சள் வேட்டியோடு கண்ணை மூடி, வாயைத் திறந்து நின்றான். இருபது வருசமாக அவனுக்கு அலகு குத்துவது நடராஜா அண்ணன்தான்.

"இந்த வருசம் எனக்குக் கை நடுங்குது தம்பி," என்றார் அவர். "என் மருமகதான் குத்தப்போறா. போன மாசம்தான் பாலிங் ஆஸ்பத்திரிலேர்ந்து இங்க மாத்தலாகி வந்தா. நிதானமான கை."

காளிதாசன் கண்ணைத் திறந்தான். எதிரே வேலோடு நின்றாள் ரூபினி.

"ஊசி போட்ட கார்டு எங்கண்ணே?"

"போடல. நீ குத்தும்மா, நேரமாவுது."

அவள் வேலைத் தாழ்த்தினாள். மரத்தடியில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருந்த இன்னொரு நர்ஸைக் காட்டினாள்.

"யாரைக் குத்தணும்னு இந்தக் கைதான் முடிவு பண்ணும்ணே. முதல்ல அங்க போய்ட்டு வாங்க."