பாதி விலை

"பாதிதான், யோகலிங்கண்ணை. அதுக்கு மேலை என்னட்டை ஒரு சதமும் இல்லை."

சொல்லிவிட்டுச் சங்கிலி சாரத்தை மடித்துக் கட்டினான். அவன் விலை பேசியது மாட்டுக்குமல்ல, நெல்லுக்குமல்ல. ஜெயபுரத்துச் சனம் யோகலிங்கத்தின் கடையில் பட்டிருந்த கடனுக்கு.

கடைக்காரருக்கு வரவேண்டிய கடனைக் குறைந்த விலைக்கு வாங்குவான். நெல்வெட்டு முடிந்ததும் சனத்திடம் முழுதாக அறவிடுவான். அதுதான் சங்கிலியின் யாவாரம். பளையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கடை போட்ட ஐயாத்துரை போன போகம் இவனிடம் கடனை விற்றார். கதிரைச் சூடு மிதித்த களத்திலேயே சனத்தின் நெல்மூட்டைகளை உழவுயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனான், கல்லுளிமங்கன்!

"எண்பதாயிரம் நிக்குது, சங்கிலி. மண்ணெண்ணெய், சீனி, சவுக்காரம், விதைநெல் எண்டு எல்லாம் வெட்டுக்குத் தாறமெண்டு வாங்கினது. ஏமாத்துற சனமில்லை. ஒரு அறுபதெண்டாலும் போடுங்கோவன்."

"அப்ப வெட்டு முடியிறமட்டும் பொறுத்திருந்து நீங்களே முழுசா வாங்குங்கோ."

பொறுக்கத்தானே யோகலிங்கத்தால் முடியாது! உள்ளே மனைவி ஞானேஸ்வரி முதுகுக்கு இரண்டு தலையணையைக் கொடுத்துச் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டும். இருதயத்தில் வால்வு பழுது. கொழும்பில் ஒப்பரேசன் செய்வார்கள், ஆனால் வால்வை நீங்கள்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும், இனியும் பிந்தினால் ஆள் தப்பாது என்று டொக்டர் கையை விரித்துவிட்டார். வன்னியை விட்டு வவுனியா வழியாகக் கொழும்புக்குப் போகப் பாஸும் கிடைத்தாயிற்று. நாளைக் காலை வெளிக்கிட வேண்டும், கையில்தான் ஒன்றுமில்லை.

சனத்திடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கதிர் இன்னும் பச்சையாக நிற்கிறது, அதுகளிடம் என்ன இருக்கப்போகிறது? போன கிழமை, கடன் பட்டவர்களில் ஒருத்தியான இராசமலர் தானாகவே கொண்டுவந்த ஆட்டுப்பால் காசைக்கூட, "பிள்ளையளுக்குச் சோறு குடு, போ" என்று திருப்பி அனுப்பியவர் அவர்.

"சரி, தாங்கோ" என்றார்.

சங்கிலி பழைய சீலைத்துணியில் கட்டியிருந்த பொதியை அவிழ்த்தான். பத்தும் இருபதும் ஐம்பதுமாகக் கசங்கிய தாள்கள், சிலது ஈரம் பிடித்தும் கிடந்தன. இவ்வளவு பெரிய யாவாரியிடம் இப்படிக் காசா என்று யோகலிங்கத்துக்கு ஒரு கணம் தோன்றியதுதான். வன்னிக்குள் புதுத்தாள் எங்கே வருகிறது என்று அந்த நினைப்பை விட்டுவிட்டார்.

கடன் எல்லாம் இனிச் சங்கிலிக்கே என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வாசல் படலையடியில் சங்கிலி திரும்பி நின்றான்.

"ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, சொல்லிப்போட்டன்."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு உடுத்த துணியோடு வந்தபோது, தன் வளவில் கொட்டில் போட இடம் விட்டவள் இந்த இராசமலர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு மாத்தளைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவள் அவளும். அவளையும் சேர்த்தல்லவா விற்றுவிட்டார்! சொல்லாமல் எந்த முகத்தோடு வாகனம் ஏறுவது?

விடிந்ததும் சைக்கிளை எடுத்தார். இராசமலர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். வேலியோரத்து ஆட்டுக்கொட்டிலில் ஒரு குட்டியைக்கூடக் காணோம். யோகலிங்கம் சைக்கிளை விட்டு இறங்கினார்.

"பிள்ளை, ஆடெல்லாம் எங்கை?"

"சங்கிலி வந்து ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு, முதலாளி."

அட பாவி! வெட்டு வரும்வரைகூடப் பொறுக்கவில்லையே! சைக்கிள் கைநழுவிச் சரிந்ததையும் அவர் கவனிக்கவில்லை.

"நான்தான் பிள்ளை உங்களையெல்லாம் வித்துப்போட்டன். மனுசியைக் காப்பாத்த வேறை வழி தெரியேல்லை. உங்கட கடன் முழுக்க இப்ப அவன்ரை. வெட்டு நேரம் களத்திலை வந்து நிப்பான். நெல்லை எங்கையாவது ஒளிச்சு வையுங்கோ. என்னை வேணுமெண்டால் வாயாரத் திட்டு..." அதற்கு மேல் முடியவில்லை. முற்றத்திலேயே குந்தி அழுதுவிட்டார்.

இராசமலர் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். அவள் முகத்தில் கோபத்தைக் காணவில்லை. களவு பிடிபட்டவள் மாதிரி முழித்துக்கொண்டு நின்றாள்.

"அவரு ஒண்ணும் ஆட்டைப் புடுங்கல. நாங்க சொல்லித்தான் வித்துக் குடுத்தாரு. பக்கத்து வீட்டு சுடலைமுத்து அண்ணன் தண்ணி இறைக்கிற மெசினை வித்தாரு. ஆளாளுக்கு இருந்ததைப் போட்டோம். சும்மா இல்ல, ரெண்டு மூட்டை நெல்லு கூலி பேசித்தான் சங்கிலியும் உங்ககிட்ட வந்தாரு."

யோகலிங்கம் விளங்காமல் அவளையே பார்த்தார். "என்னத்துக்குப் பிள்ளை?"

"நாங்க குடுத்தா நீங்க கையால தொடமாட்டீங்களே."

"அப்ப... அந்தச் சீலைப் பொதி?"

இராசமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி, பாதிதான் சேந்துச்சு. மிச்சத்தை வெட்டு முடிஞ்சதும் தந்துடுறோம்."