வாய்விட்டுச் சொல்லாத சொல்

எழுத்துகளைத் தட்டித் திறக்கும் ஆவுடையப்பன் வீட்டுப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது பாளையங்கோட்டைக்கே தெரியும். ரகசியம் அதன் சாவிச்சொல் மட்டும்தான். அவன் புதுச் சொல் வைத்தால், அதை ஊகிக்கப் பூட்டு அவன் மனைவிக்குப் பத்து வாய்ப்பு கொடுக்கும். அவள் கண்டுபிடித்துவிட்டால் சொல் செல்லாது.

பன்னிரண்டு வருடமாக மூன்றாவது வாய்ப்புக்குள் பிடித்துவிடுகிற காந்திமதிக்கு இன்று ஒன்பதும் தப்பின. பழைய பைக், குலசாமி, அல்வாக் கடை, எதுவும் இல்லை. தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவருக்குள் இருக்கிறதா?

"ஏளா, தோத்துட்டேன்னு சொல்லு" என்று சிரித்தான்.

"இருங்க. ஒரு துப்பு குடுங்க."

"நான் ஒருதடவகூட வாய்விட்டுச் சொல்லாத சொல்லு."

அந்த 'ஏளா' அவள் காதிலேயே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. தயங்கித் தயங்கித் தன் பெயரையே தட்டினாள்.

கதவு திறந்தது.

"போச்சு! இனி வேற மாத்தணும்" என்றான், முகம் சிவக்க.

"மாத்திக்கோங்க. இதுதான் இனிமே ரகசியம் இல்லையே, ஒருதடவ சொல்லுங்க, கேப்போம்."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.