காலுறை எடுக்கும் நாள்

"நெருப்பு பத்திக்கிறதுக்கு முன்னாடி என்னென்ன சத்தம் வரும், சொல்லு பார்ப்போம்?"

ஓரெஸ்ட் ஒருமுறை மனைவி ஸ்டெஃபாவிடம் கேட்டான். வீட்டைச் சூடாக்கும் புது ஃபர்னஸ் வந்திறங்கிய குளிர்காலம் அது. நிலவறைப் படிக்கட்டில் இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மொதல்ல ஒரு முனகல். அப்புறம் ஒரு கிளிக். கடைசியா, என்னைப் பாத்ததும் உங்கம்மா விடுவாங்களே ஒரு பெருமூச்சு, அது."

அவன் சிரித்ததில் கம்பளி நழுவி விழுந்தது.

இன்று முனகல் மட்டும்தான் வந்தது.

கிளிக் இல்லை. மூன்று தடவை முனகிப் பார்த்துவிட்டு ஃபர்னஸ் அடங்கிப் போனது.

கனடாவின் யார்க்டனில் நேற்றிரவுதான் முதல் உறைபனி. நாளை மகள் வருகிறாள், நன்றி நாள் விருந்துக்கு, பிறந்து இருபது நாளே ஆன குழந்தையோடு. பழுது பார்ப்பவரோ செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் முடியாது என்றுவிட்டார்.

ஓரெஸ்ட் ஒரு பெட்டியோடு வீட்டைவிட்டுப் போய் ஒன்பது வருஷம். இத்தனை வருஷத்தில் ஃபர்னஸ் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை. "அவனுக்கு இல்லாத விசுவாசம் இந்த இரும்புப் பெட்டிக்கு இருக்குடி" என்று ஸ்டெஃபா தன் தங்கையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஸ்டெஃபா ஃபர்னஸின் முன்மூடியைக் கழற்றினாள்.

மூடியின் உட்புறத்தில் கறுப்பு மையில் அவன் கையெழுத்து. வருஷத்துக்கு இரண்டு வரி.

மே: காலுறை போட்டாச்சு.

அக்டோபர்: காலுறை எடுத்தாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு.

அவளுக்கு நினைவு வந்தது. ஃபர்னஸுக்குக் காற்று இழுக்கும் குழாய் வெளிச்சுவரில், புதருக்குப் பின்னால் இருக்கிறது. கோடையில் குளவி கூடு கட்டிவிடும் என்று, செய்தித்தாளைச் சுருட்டி அடைத்த கம்பளிக் காலுறையை அதற்குள் திணித்து வைப்பான். பனி விழுமுன் எடுத்துவிடுவான். வருஷா வருஷம் அவளுடைய காலுறைதான் ஒற்றையாகிப் போகும். அதற்கு நடந்த சண்டைகள்.

விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்தாள்.

அவன் வீட்டைவிட்டுப் போன வருஷத்தோடு அவை நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

அடுத்த வருஷம் இரண்டு வரி. அதற்கடுத்த வருஷம் இரண்டு வரி. ஒரு வருஷம்கூட விடுபடவில்லை. கடைசியாக, இந்த மே மாதம்: காலுறை போட்டாச்சு.

இந்த அக்டோபருக்கு வரி இல்லை.

பக்கவாட்டுக் கதவின் சாவியை அவனிடம் அவள் திருப்பிக் கேட்டதே இல்லை. காலை வேளைகளில் அவள் பள்ளிச் சமையலறையில் இருப்பாள் என்பது அவனுக்குத் தெரியும்.

மூடியைப் பொருத்திவிட்டு வெளியே வந்து, புதரை விலக்கினாள். பச்சைக் கோடு போட்ட காலுறை. மே மாதத்திலிருந்து அவள் தேடிக்கொண்டிருந்தது. இழுத்தாள், வந்துவிட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் முனகல். கிளிக். பிறகு மாமியாரின் பெருமூச்சு.

குழந்தைக்குக் குளிராது. அவளுக்குக் கண்ணை நிறைத்துக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பின்சந்தில் அந்தப் பழைய டிரக் வந்து நின்றது.

ஓரெஸ்ட் மெதுவாக இறங்கினான். முழங்காலில் தடித்த கட்டு, ஒரு கையில் ஊன்றுகோல். இன்னொரு கையின் அக்குளில் புது ஃபில்டர். அவள் இன்று விடுப்பு எடுத்திருப்பது அவனுக்குத் தெரியாது. புதருக்குப் பின்னால் நிற்பவளை அவன் பார்க்கவில்லை. பனியில் வழுக்கிவிடாமல், ஒவ்வொரு அடியாக எண்ணி வைப்பவன்போல வந்துகொண்டிருந்தான்.

அவனே வந்து எடுக்கட்டும் என்று ஸ்டெஃபா காலுறையைக் குழாய்க்குள் திரும்பத் திணித்தாள்.

உள்ளே நெருப்பு அணைவது கேட்டது.

கோட்டு வீட்டுக்குள் மாட்டியிருந்தது. அதை எடுக்கப் போகவில்லை. சுவரோரமாகவே முன்பக்கம் சுற்றிவந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தினமும் அந்நேரத்துக்கு நடக்கும் பள்ளிக்கூடத்துத் தெருவில் இறங்கி நடந்தாள்.