சீவி வைத்த பென்சில்

நூலகத்தின் இலவச வரி உதவி மேஜைக்கு மார்லிஸ் மறுபடியும் வந்திருந்தாள். வருமான வரிப் படிவத்தில் அதே தப்பு.

"என்னங்க மார்லிஸ், போன வாரம்தானே சொன்னேன்? ஓய்வுக்காலச் சேமிப்பு ஒரு கணக்குலேர்ந்து இன்னொரு கணக்குக்கு மாறியிருக்கு, அவ்வளவுதான். மொத்தத் தொகையை முதல் கட்டத்துல எழுதுங்க. வரி போடற கட்டத்துல சைபர். பக்கத்துல 'ரோல்ஓவர்'னு ஒரு வார்த்தை."

"தெரியும் ஆர்லன்."

"தெரிஞ்சுமா முழுத்தொகைக்கும் வரி போட்டு வச்சிருக்கீங்க?"

"வெர்லின் திருத்திடுவார். என் வீட்டுக்காரருக்குக் கணக்குல தப்பு இருந்தாப் பொறுக்காது. பாதித் தூக்கத்துல எழுந்து வந்து, என்னைத் திட்டிக்கிட்டே அடிச்சு எழுதுவார். தினமும் சாப்பாட்டு மேஜையில இதை விரிச்சு வச்சிட்டுத்தான் படுக்கறேன். பென்சில்கூடச் சீவி வச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் இன்னும் திருத்தலை? மனுஷரை இங்க கூட்டிட்டு வாங்க, நான் கேக்கறேன்" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. சேமிப்பு நிறுவனம் அனுப்பிய தாளை என் பக்கம் நகர்த்தி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். நேரடி மாற்றம் என்பதற்கான 'ஜி' எழுத்தை மட்டும்தான் நான் அதுவரை பார்த்திருந்தேன். அதை ஒட்டி ஒரு 4 இருந்தது.

கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டார் என்பதற்கான எண்.

"எவ்வளவோ கூப்பிட்டுப் பாத்துட்டேன், வரலை. தப்பைப் பாத்தாவது வருவார்னு நினைச்சேன்."

தப்பை அழிக்க ரப்பரை எடுத்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிச்சிடாதீங்க ஆர்லன். நாளைக்குத்தானே கடைசி நாள்? இன்னும் ஒரு ராத்திரி இருக்கு."